அசல் நிலைக்கு

ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்னால் பத்து வண்டி நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னும் மைதானத்துக்கு இறங்கவில்லை, மாடியில் ஃபைல் பார்க்கிறார் என்றார்கள். ஜெகதீசன் தன் எஸ்டீம் காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தது உடம்பு மட்டும்தான், மனசு ஒரு வாரமாக உட்காரவே இல்லை, அது ஒரே ஒரு ஆளின் சட்டைக் காலரைப் பிடித்தபடி நின்றது. அந்த ஆள் கிட்டுசாமி. ஒரே காம்பவுண்டுக்குள் நாலு வீடு, முன் வீடு கிட்டுசாமிக்கு, கடைசி வீடு ஜெகதீசனுக்கு, நடுச்சந்தில் எஸ்டீம். கிட்டுசாமி வீட்டோரமாகத் தகரம் போட்டு ரெண்டு பெரிய கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறவர், ஐம்பத்தைந்து வயசு, பனியன் முழுக்க மாவு. மூன்று தடவை வந்து கேட்டார். “தம்பி, அந்த வண்டிக் கொழாய் சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கப் படாதுங்களா? எங்கூட்டு அம்மிணி மாத்தர போட்டுட்டுப் படுத்திருக்கறா, தூக்கிவாரிப் போடுதுங்க.” முதல் தடவை சிரித்துக்கொண்டு கேட்டார், ரெண்டாந்தடவை சிரிக்காமல் கேட்டார், மூன்றாந்தடவை கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அப்புறம் பதினெட்டாம் நாள் தபாலில் நோட்டீஸ் வந்தது. மேற்படி வாகனத்தில் சட்டவிரோத மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளதாகப் புகார் வரப்பெற்றதால், வாகனத்தை அசல் நிலைக்குக் கொண்டுவந்து ஏழு தினங்களுக்குள் ஆய்வுக்கு ஆஜர்படுத்தவும். வேறு யார் எழுதியிருப்பார்கள்? கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனைத்தான் நம்பக்கூடாது, கட்டின கைக்குள் பேனா இருக்கும். ஜெகதீசனுக்கு அதில் ஒரு துளி சந்தேகம் கிடையாது, சந்தேகம் இருந்தால் கோபத்தில் இத்தனை ருசி இருக்குமா.

அசல் நிலை. அந்த வார்த்தையே அவனுக்குப் பல்லில் மாட்டின நார் மாதிரி இருந்தது, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேதான் போனது. எது அசல் நிலை? ஆறு வருஷத்துக்கு முன்னால் சூலூரில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டு முருங்கை மரத்தடியில் கோழி எச்சத்தோடு கிடந்ததே, அதுவா? அதை எழுப்பி நடக்க வைத்தது யார்? ஸ்பிரிங்கை மாற்றி உடம்பைத் தரையோடு தரையாக இறக்கினான், பதினஞ்சு இஞ்ச் அலாய் வீல் போட்டான், வெள்ளை நிறத்தின் மேல் சாம்பலுக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான், கடைசியாக அந்தச் சைலன்சர், அடைப்பே இல்லாமல் புகையை நேராக வெளியே விடுகிற குழாய், அதற்குத்தான் உயிர். பம்ப் கம்பெனி ஸ்டோரில் சீட்டை வாங்கிக்கொண்டு பேரிங் எடுத்துக் கொடுக்கிற ஜெகதீசனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்ப்பார்கள், ஜன்னலுக்குள் நீட்டுகிற கைக்கு முகம் எதற்கு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஆனைகட்டி ரோட்டின் முதல் வளைவில் கியரைக் குறைத்து மிதித்தால் அந்தக் குழாய் ஒரு குரல் கொடுக்கும், பாறையில் பட்டுத் திரும்பி வரும், அப்போது ஜெகதீசனுக்கு முகம் இருந்தது, ரோட்டோரத்தில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான். அதெல்லாம் இப்போது மெக்கானிக் ரியாஸின் பட்டறையில் சாக்குக்குள் கிடக்கிறது. நாலு நாள் லீவு போட்டு, ஹேர் டிரையர் வைத்துச் சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்தான். உரிக்க உரிக்க உள்ளே இருந்து வெள்ளை வெளியே வந்தது, ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை. அழுகை வந்தது என்று சொல்ல அவனுக்கு வெட்கம், ஆனால் வந்தது. வீல் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. சைலன்சர்தான் ரியாஸ் கொடுத்தான். அதுவும் ரியாஸுடையது இல்லை, எஸ்டீம்காரர்கள் குரூப்புக்குப் பொதுவானது. ஒன்பது எஸ்டீம், ஒரே ஒரு கம்பெனி சைலன்சர், யாருக்கு எஃப்.சி. வருகிறதோ அவன் வண்டிக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், ஸ்டூடியோவில் தொங்குகிற கோட்டு மாதிரி, மாப்பிள்ளை மாறுவான், கோட்டு மாறாது. “பத்தரமாக் கொண்டாந்துரு ஜெகா, அடுத்த வாரம் பொள்ளாச்சிக்காரனுக்கு வேணும்” என்றான் ரியாஸ். எல்லாரும் சிரித்தார்கள். ஜெகதீசனும் சிரித்தான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சந்தில் வண்டியை நிறுத்தினபோது, கிட்டுசாமி தகரத்தடியில் இருந்து எட்டிப் பார்த்து, “பரவால்லீங் தம்பி, இப்ப வண்டி வந்ததே தெரியலீங்க” என்றார். நல்ல மனசோடு சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்கே ஆளைக் கிரைண்டருக்குள் போட்டுச் சுற்றலாம் என்று இருந்தது.

வரிசை ஒரு வண்டி நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கிவிட்டார் போல. ஜெகதீசன் வண்டியை நகர்த்தினான், சத்தமே இல்லை, ஊமைப் பிராணியை ஓட்டுகிற மாதிரி. கிரைண்டருக்குள் போடுவது நடக்கிற காரியம் இல்லை. இந்த ஏழு நாளில் அவன் கிட்டுசாமியை எத்தனை விதமாகப் பழிவாங்கிவிட்டான் என்று அவனுக்கே கணக்கு இல்லை. நேற்று ராத்திரி படுக்கையில் ஊறப்போட்ட அரிசியில் ஒரு கை வாஷிங் பவுடரைத் தூவினான், அப்புறம் அதே மாவில்தான் தன் பெண் தன்யஸ்ரீக்கும் தோசை என்று ஞாபகம் வந்து அதை அள்ளிவிட்டான். முந்தாநாள் மாவு டெலிவரி கொடுக்கிற மொபெட்டின் காற்றைப் பிடுங்கினான், சின்னப் பையன் வேலை என்று அதுவும் பிடிக்கவில்லை. பழி என்றால் பழி மாதிரி இருக்க வேண்டாமா, தபாலில் வந்ததற்குத் தபாலில் போக வேண்டாமா. அந்த யோசனை இப்போது, இந்த வெயிலில், முன்னால் நிற்கிற ஸ்கூல் வேனின் பின்பக்கத்தில் ‘அவசரம்’ என்று எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. கிரைண்டர் ரெண்டும் ஓடுவது வீட்டு கரண்டில். வீட்டுக்கு என்று வாங்கின இணைப்பில் வியாபாரம். காம்பவுண்டுக்கே தெரியும், ரீடிங் எடுக்க வருகிறவருக்கு மட்டும் தெரியாது, அவர் வருகிற நாளில் கிரைண்டருக்கு மேல் பழைய பெட்ஷீட் கிடக்கும். பிடித்தால் அபராதம் லட்சத்தைத் தொடும், இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் மறுபேச்சு. மாவு மூன்றே நாளில் புளித்துப் பொங்கி வழியும். ஜெகதீசன் போனை எடுத்து மின்வாரியத்தின் புகார் பக்கத்தைத் திறந்தான். பெயர், தெரு, கதவு எண், எத்தனை கிரைண்டர், எத்தனை மணிக்கு ஓடும், எல்லாம் எழுதினான், ஸ்டோர் ரிஜிஸ்டரில் எழுதுகிற மாதிரி அடித்தல் திருத்தல் இல்லாமல். விரல் கடைசியில் ஒரு நிமிஷம் நின்றது. காலையில் தின்ற ரெண்டு தோசை ஞாபகம் வந்தது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணாதே என்பார்கள். ஆனால் அவன் என்ன சும்மாவா தின்றான், பாக்கெட் முப்பத்தஞ்சு ரூபாய் கொடுத்துத் தின்றான், காசு கொடுத்துத் தின்றால் அது கடை, வீடு இல்லை. தன்யாவுக்கு ஜுரம் வந்த அன்றைக்கு மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது கிட்டுசாமிதானே என்று இன்னொரு எண்ணம் குறுக்கே வந்தது. அன்றைக்கு எஸ்டீம் பட்டறையில் இருந்தது, அதனால்தான், இல்லாவிட்டால் அவனே கொண்டுபோயிருப்பான், அது வேறு கதை, அதை எதற்கு இதில் போட்டுக் குழப்ப வேண்டும். விரலால் அழுத்தினான். போய்விட்டது. தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று எண்ணோடு பதில் வந்தது. வயிற்றுக்குள் மோர் குடித்த மாதிரி ஜில்லென்று இறங்கியது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக ஜெகதீசன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான்.

சாய்ந்தது தப்பாகப் போயிற்று, சாய்ந்தால் செயின் ஞாபகம் வந்துவிடும். கோபத்தில் விறைப்பாக இருக்கிறவரைக்கும் அது கிட்டே வராது. பெண்டாட்டி கோகிலவாணியின் மூன்று பவுன் செயின், அவள் அப்பா போட்டது. “மூணே மாசம் வாணி, போனஸ் வந்ததும் மீட்டுத் தந்தர்றேன்.” அவள் கழற்றி உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை எடை பார்க்கிற மாதிரி அசைத்துவிட்டுக் கொடுத்தாள். அந்தக் காசில்தான் ஸ்பிரிங் வந்தது, வண்டி தரையில் இறங்கியது. பதினாலு மாசம் ஆகிவிட்டது. போனஸ் வந்தது, சைலன்சரும் அதே வாரம்தான் வந்தது, கோயமுத்தூரில் அந்தக் குழாய் வேறு யாரிடமும் இல்லை என்றான் ரியாஸ், அப்படிச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான். அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போனாள். அண்ணிக்காரி பந்தியில் எல்லார் முன்னாலும் அதை விரலால் தூக்கிப் பார்த்து, “புதுசுங்களா வாணி, ரொம்ப மினுமினுக்குது” என்றாள். ஜெகதீசன் எதிர்ப்பந்தியில் ரசத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வருகிற வழி முழுக்க வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டியது, தட்டும்போதெல்லாம் அவள் தன்யாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கொஞ்ச நாள் கேட்டாள். ஏனுங்க, இந்த மாசமாச்சும் முடியுங்களா. ஏனுங்க, வட்டி ஏறுதுங்களே. அவளும் கார்மெண்ட்ஸில் நாளெல்லாம் நின்றுகொண்டு பட்டன் செக் பண்ணுகிறவள்தான், கேட்க உரிமை உண்டு என்று அவனும் ஒத்துக்கொள்வான். அவன், பார்க்கலாம் என்பான், எரிந்து விழுவான், ஒரு தடவை, “எனக்குன்னு இந்த உலகத்துல இருக்கறது இது ஒண்ணுதான், அதையும் புடுங்கிக்கங்க” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். உனக்கென்று இருப்பது அது ஒன்றுதானா என்று அவள் கேட்கவில்லை. சிந்தின சோற்றை வழித்து அள்ளினாள். அதற்கப்புறம் ரெண்டு மாசமாகக் கேட்பதே இல்லை, சமாதானம் ஆகிவிட்டாள், பெண்பிள்ளை கத்தினால்தான் வம்பு, வாயை மூடிவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். நோட்டீஸ் வந்த அன்றைக்குக்கூட அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, டிவி மேல் வைத்து, “உங்களுக்குத் தபால் வந்திருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போனாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நல்ல பெண்டாட்டி வாய்த்திருக்கிறாள், அக்கம்பக்கம்தான் சரியில்லை.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர், கையில் ஃபைல், பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு ஒரு உதவியாளர். பானெட்டைத் திறக்கச் சொன்னார், சேசிஸ் நம்பரைப் பார்த்தார், ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை என்று இருப்பதையும் வண்டி வெள்ளையாக இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இந்த சைலன்சர எனக்குத் தெரியுமுங்க. நடுவுல ஒரு வெல்டிங் தழும்பு இருக்கு பாருங்க. இந்த ஒரு மாசத்துல மூணு வண்டிக்கு அடியில இவரப் பாத்துட்டேன்.” உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஜெகதீசனுக்குக் காது சுட்டது. “சார், அது வந்துங்க சார்…” “பரவால்லீங்க. ரிப்போர்ட்ல வேற மாதிரி எழுதலாம், எழுதுனா உங்களுக்குக் கஷ்டம். உங்க சம்சாரத்துக்காக விட்டுடறேன். கீழ கையெழுத்துப் போடுங்க” என்று ஃபைலைப் பானெட் மேல் விரித்து வைத்தார். என் சம்சாரத்துக்காகவா? இவருக்கு வாணியை எப்படித் தெரியும்? பேனாவை வாங்கின ஜெகதீசன் கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடினான், காற்று மேல் தாளைப் புரட்டியது, அடியில் ஒரு முழுத்தாள் மனு, கோடு போட்ட நோட்டில் கிழித்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை லீவ் லெட்டர் எழுதுகிற வரிசையில், அனுப்புநர், பெறுநர், ஐயா. அனுப்புநர்: ஜெ. கோகிலவாணி.

படித்தான். ஐயா, மேற்படி வண்டி என் கணவருடையது. அதில் அவர் செய்திருக்கும் மாற்றங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்று, ரெண்டு, மூன்று என்று எல்லாம் இருந்தது, ஸ்பிரிங், வீல், ஸ்டிக்கர், சைலன்சர், எதுவும் தப்பில்லை, ஒவ்வொன்றும் வந்த மாசம்கூடச் சரி. அவள் எதையும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தானே. நான் சொல்லிக் கேட்கவில்லை. என் அண்ணன் சொல்லிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கை கட்டி நின்று சொன்னார்கள், கேட்கவில்லை. சட்டம் சொன்னால் கேட்பார் என்று வந்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. குடிப்பழக்கம் கிடையாது. அபராதம் மட்டும் போட வேண்டாம், எங்கள் வீடு தாங்காது. வண்டி பழையபடி ஆனால் போதும். “நேர்ல வந்து குடுத்தாங்க” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. “கொழந்தையக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பேர் வெளிய வராதுன்னு சொன்னேன், வந்தா வரட்டுமுங்க, நான் பொய்யா எழுதலயேன்னாங்க. போடுங்க கையெழுத்து.” ஜெகதீசன் போட்டான். இன்ஸ்பெக்டர் சீல் வாங்க ஃபைலை மாடிக்கு அனுப்பிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். ஜெகதீசன் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு வாரமாகப் பிடித்திருந்த சட்டைக் காலர் கையிலேயே இருந்தது, உள்ளே கிட்டுசாமியின் கழுத்து இல்லை. வாணியின் கழுத்தில் கவரிங்தான் இருந்தது, அந்தக் கழுத்தை எங்கே என்று பிடிப்பது? எதைக் கேட்டாலும் அவள், நான் பொய்யா எழுதலயே என்பாள். வீட்டுக்குப் போய்க் கத்தலாம், தட்டைத் தள்ளலாம், ஆனால் அவர் கெட்டவர் இல்லை என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அதை வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது. கோபம் மட்டும் குறையவே இல்லை, முதலாளி செத்தும் குரைக்கிற நாய் மாதிரி அது பாட்டுக்கு நின்றது.

போன் அடித்தது. தெரியாத நம்பர். “சார், மின்வாரியத்துலருந்து பேசறோமுங்க. கிட்டுசாமின்னு ஒரு புகார் குடுத்திருந்தீங்களே, உங்க ஏரியாவுலதான் வேற ஒரு செக்கிங்ல இருக்கோம். தெரு ரெண்டாப் பிரியுதுங்க, வீடு எதுன்னு தெரியல.” இங்கேதான் ஜெகதீசன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பாகக் கொடுத்துவிட்டேன், அந்த ஆள் ஒரு பாவமும் அறியாதவர், விட்டுவிடுங்கள். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதே நேரத்தில் இன்னொன்றும் வந்தது: வாணி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கோடு போட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாளே, கிட்டுசாமியின் வாசலைத் தாண்டித்தானே போயிருப்பாள். எங்க அம்மிணி கெளம்பிட்டீங்க என்று கேட்டிருப்பார். அவள் சொல்லியிருப்பாள். பக்கத்து வீட்டில் கை கட்டி நின்று சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாளே. காம்பவுண்டுக்கே தெரிந்திருக்கும், அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது, அவன் ஹேர் டிரையரும் கையுமாக ஸ்டிக்கரை உரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபோது நாலு வீட்டு ஜன்னலும் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். வண்டி வந்ததே தெரியலீங்க! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்பார்கள். எய்தவள் வீட்டில் இருக்கிறாள், அவள் சோற்றைத்தான் ராத்திரியும் தின்ன வேண்டும், அம்பைத்தான் நோக முடியும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. “இடது பக்கம் திரும்புங்க” என்றான் ஜெகதீசன். “நாலாவது காம்பவுண்டு, பச்சை கேட். முன் வீடே அதுதான். தகரம் போட்டிருக்கும், கிரைண்டர் மேல பெட்ஷீட் கெடக்கும், தூக்கிப் பாருங்க.” பெட்ஷீட்டைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னான். போனை வைத்த பிறகு மோர் குடித்த குளிர்ச்சி வரும் என்று காத்திருந்தான், வரவில்லை, வாய் கசந்தது.

சீல் வர அரைமணி நேரம் ஆயிற்று. வண்டியை வெளியே எடுக்கப் போகும்போது மறுபடி போன், இந்தத் தடவை வாணி. மூச்சு வாங்கியது, பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தமும் ஒரு பொம்பளையின் அழுகையும் கேட்டன. “ஏனுங்க, வெரசா வாங்க. கிட்டுசாமி அண்ணன் ஊட்டுக்கு ஈ.பி.காரங்க வந்திருக்காங்க. ஒயரக் கட் பண்ணிட்டாங்க. எவ்வளவோ லட்சம்ங்கறாங்க. அண்ணன் அவங்க கால்ல உழுகப் போயிட்டாருங்க, நான்தான் புடிச்சு உக்கார வெச்சிருக்கேன். நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க, உங்களுக்குத்தான் ஆபீஸ்காரங்ககிட்டப் பேசத் தெரியும்.” அவள் நிறுத்தவில்லை. “யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. பெட்ஷீட் வரைக்கும் எழுதியிருக்கறாங்க. ஒருத்தர் பொழப்புல மண்ணப் போட எப்படீங்க மனசு வருது? எவன் எழுதுனானோ, அவன் கை வெளங்குமா?”

“வெளங்காது வாணி” என்றான் ஜெகதீசன். “எழுதுன கை எதுவா இருந்தாலும் வெளங்காது.”

அவள் போனோடு தள்ளி நடந்தாள் போல. கிட்டுசாமியின் மனைவி அழுகிற சத்தம் தூரமாகப் போயிற்று. வாணி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மனுவப் பாத்துட்டீங்களா?” என்று கேட்டாள்.